தொட்டி மூடியில் வேப்பிலை

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி இருந்த அந்த மூணு அடுக்குக் கட்டடத்துல சந்திரம்மாளை யாரும் ஓட்டுப் போட்டு செகரட்டரி ஆக்கல. கீழ் வூட்ல குடியிருந்தா, மோட்டர் ரூம் சாவி அவ இடுப்புல தொங்குச்சு, அவ்வளவுதான் தகுதி. தொண்ணூத்தொண்ணு சித்திரையில மேல் மாடி ரத்னாவோட புருஷன் ரகுபதிக்கு அம்மை வார்த்ததும், அந்த இடுப்புச் சாவிக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு.

"உன் புருஷனைக் கூட்டிக்கினு ஊர்ப்பக்கம் போயிடு. இங்க சின்னப் புள்ளைங்க கீது," படிக்கட்டுக்குக் கீழயே நின்னு கத்தினா.

"முத்து போட்ட உடம்பை பஸ்ல ஏத்தச் சொல்றீங்களாக்கா?"

"அது உன் பாடு."

மூணாம் நாளே, மொட்டைமாடி டேங்குக்குத் தண்ணி ஏத்துற மோட்டர் நின்னுச்சு. கேட்டா ரிப்பேராம். பச்சைப் பொய். வாசல் கேட் ஓரமா தரைக்கடியில இருந்த தொட்டியில தண்ணி தளும்பிக்கினு இருந்துச்சு. கீழ் வூட்டுக்காரங்களும் முதல் மாடிக்காரங்களும் மூடியைத் திறந்து, கயித்துல பக்கெட்டைக் கட்டி இறைச்சுக்கினாங்க. இடுப்பு ஒடிஞ்சாலும் பரவாயில்லை, மேல் மாடிக்காரி காலி பண்ணிப் போனா போதும் அவங்களுக்கு. நல்ல ஒத்துமை. பெருக்கிற விஷயத்துல இந்த ஒத்துமை இருந்திருந்தா படிக்கட்டு கண்ணாடியா இருந்திருக்கும்.

ரத்னா குடத்தை எடுத்துக்கினு இறங்கினா, முதல் மாடி யேசுராஜ் குறுக்க வந்து நின்னார்.

"அம்மை வூட்டுக் குடம் பொதுத் தொட்டியில விழக் கூடாது சிஸ்டர். எல்லார் நல்லதுக்கும்தான் சொல்றோம்."

"அப்ப நீங்களே ஒரு குடம் மொண்டு படியில வெச்சுடுங்க. நான் எடுத்துக்கிறேன்."

அவர் தொட்டியைப் பார்த்தார், சந்திரம்மாளைப் பார்த்தார், மேல போயிட்டார். ஒருத்தருக்கும் கை வரல. ரோட்டோர அடிபம்புல காத்துதான் வந்துச்சு. மொட்டைமாடி டேங்க்ல மிச்சம் கிடந்ததை வெச்சுத்தான் ரத்னா நாலு நாளை ஓட்டினா. சனிக்கிழமை சாயங்காலம் அதுவும் தீர்ந்துபோய் குழாய் புஸ்ஸுன்னுச்சு.

ஞாயித்துக்கிழமை ரகுபதிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியாகணும். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயில்ல வெச்ச தண்ணியை ஊத்தி ஆத்தாவை இறக்கினாத்தான் அவன் வாசலைத் தாண்டுவான். திங்கக்கிழமை தண்டலம் பக்கத்துக் கம்பெனியில லைன்ல நிக்கலேன்னா வேலை இல்லேன்னு சூப்பர்வைசர் ஆள் விட்டுச் சொல்லிட்டார். வேலை இன்னும் பர்மனென்ட் ஆகல. பாயில வேப்பிலைக்கு நடுவுல படுத்துக்கினு, "வேலை போச்சுடி ரத்னா," அப்படின்னே அவன் முனகிக்கினு இருந்தான். அவளுக்கு அழுகை வரல.

விடிஞ்சும் விடியாமலும் எழுந்தா. வாசல்ல சொருகியிருந்த வேப்பிலையில பாதியை உருவினா. "ஆத்தா, கோவிச்சுக்காதே, உன் புள்ளைக்குத்தான் தண்ணி," அப்படின்னு வாய்க்குள்ள சொல்லிக்கினே கீழ இறங்கி, தொட்டி மூடி மேல மஞ்சளைக் குழைச்சுப் பூசினா. குங்குமம் வெச்சா. நடுவுல வேப்பிலைக் கொத்தைப் படுக்க வெச்சா. அப்புறம் படியில ஏறி உட்கார்ந்துக்கினா.

பக்கெட்டோட முதல்ல வந்தது சந்திரம்மாள்தான்.

"இன்னாடி இது?"

"பார்த்தா தெரியலையா? ஆத்தா உட்கார்ந்துகீறா."

"எடுடி மரியாதையா."

"நீங்க எடுங்க. உங்க தொட்டிதானே."

சந்திரம்மாள் ஒரு எட்டு வெச்சா. கை பாதி தூரம் போய் நின்னுச்சு. ஆத்தாவுக்கு வெச்ச வேப்பிலையை எடுத்தெறிஞ்சா அடுத்த முத்து யார் வூட்ல விழும்னு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெச்ச காலைப் பின்னாடி இழுத்துக்கினா.

சத்தம் கேட்டு யேசுராஜ் இறங்கி வந்தார். சர்ச் பூசைக்குப் போக வெள்ளைச் சட்டையை எடுத்து வெச்சிருந்தார், குளிக்கத்தான் தண்ணி இல்லை.

"நீங்க சர்ச்சுக்குப் போறவரு. உங்களை ஆத்தா இன்னா பண்ணப்போறா, தூக்கி அந்தாண்ட போடுங்க," சந்திரம்மாள் அவரைப் பிடிச்சுக்கினா.

யேசுராஜ் குனிஞ்சார். "ஏங்க, தொட்டுத் தொலைக்காதீங்க," மாடியிலேர்ந்து அவர் சம்சாரம் சவரியம்மாள் குரல் கொடுத்தா. குனிஞ்ச மனுஷன் செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி பண்ணிட்டு நிமிர்ந்தார்.

"எங்க வூட்லயும் ரெண்டு சின்னது கீதும்மா. எனக்கு எதுக்கு வம்பு?"

வெயில் ஏறிக்கினே இருந்துச்சு. ரத்னாவும் வெயிலைத்தான் பார்த்துக்கினு இருந்தா. இன்னும் கொஞ்ச நேரம் போனா தண்ணி கிடைச்சும் வெயில்ல காய வைக்க நேரம் இருக்காது. ஆனா முகத்தைக் கல்லாட்டம் வெச்சுக்கினா. கீழ ஒவ்வொரு வூடா காலி பக்கெட்டோட வந்து, வேப்பிலையைப் பார்த்துட்டு, சந்திரம்மாளைப் பார்த்து முறைக்க ஆரம்பிச்சுது.

"உன்னாலதான் எல்லாம். மூடியைத் தொடாம தண்ணி ஏறணும்னா மோட்டர்தான், போட்டுத் தொலையேன்," கடைசியில யேசுராஜே சொல்லிட்டார்.

சந்திரம்மாள் சாவியை உருவிக்கினு போனா. ரிப்பேர் ஆன மோட்டர் ஒரே அழுத்துல ஓடுச்சு. ரத்னா யாரையும் திரும்பிப் பார்க்காம மேல ஏறி, அண்டாவைக் குழாயடியில வெச்சா.

மத்தியானம் ரகுபதியை மணையில உட்கார வெச்சுத் தண்ணி ஊத்தினா. முதுகுல காய்ஞ்ச வடு மேல தண்ணி வழியும்போதுதான் அவளுக்கு அழுகை வந்துச்சு. நல்லா அழுதுட்டு, வாசல் வேப்பிலையைப் பிடுங்கினா.

திங்கக்கிழமை காலையில ரகுபதி டிபன் பாக்ஸோட கேட்டைத் தாண்டிப் போனான். வழியனுப்ப வந்த ரத்னாவை சந்திரம்மாள் மறிச்சா. குரல் இறங்கியிருந்துச்சு.

"தண்ணிதான் ஊத்திட்டியே, தொட்டி மேல கீறதை எடுத்துடேன். எப்ப எடுப்ப?"

"நான் ஒரு குடம் கேட்டப்ப, எப்ப தருவேன்னு நீங்க சொன்னீங்களா?"

சொல்லிட்டு ரத்னா மேல போயிட்டா. வேப்பிலை அங்கேயே காய்ஞ்சு சருகாச்சு. ஒருத்தரும் அதைத் தொடல, மூடியைத் திறக்கல. மோட்டர் மட்டும் தினம் காலையில தவறாம ஓடுச்சு.