மோட்டார் படுத்த பார்

கடலில் இன்னொரு வள்ளம் பக்கத்தில் வந்தால், திரேஸ்புரத்து இனிகோ முதலில் செய்கிற வேலை, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஜிபிஎஸ் பெட்டியின் திரைமேல் போடுவதுதான். மீன் அடையும் பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள், எங்கெங்கே கிடக்கின்றன என்று அதில் புள்ளி வைத்திருந்தார். ஒன்பது வருஷத்துப் புள்ளிகள். தாளில் எழுதினால் எவனாவது பார்த்துவிடுவான் என்று ஒன்றைக்கூட எழுதவில்லை. மனைவி கிளாடிஸுக்கும் தெரியாது. அவள் தம்பி ரெக்ஸ் ஒருமுறை, அவர் வள்ளம் நிறுத்தும் இடத்தைப் பற்றி வாய்விட்டுக் கேட்டபோது, "அங்கன வெறும் மணலுதாம்ல கெடக்கு" என்று கூசாமல் சொல்லி அனுப்பிவிட்டார். மனுஷன் அப்படி.

இத்தனை கெட்டிக்காரர், பெட்டியைச் செல்போனோடு சேர்த்து மேப்பைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அது நீட்டிய எட்டுப் பக்க ஆங்கிலத்தை ஒருநாளும் படித்ததில்லை. கடைசியில் 'சம்மதம்' என்று வரும். அமுக்கிவிடுவார். பெட்டிக்கு வாயா இருக்கிறது, யாரிடமாவது போய்ச் சொல்ல?

போன மாதம் உப்புத்தண்ணீர் ஏறிப் பெட்டி செத்துப்போனது. மேப்பும் புள்ளிகளும் இருந்த கார்டு தப்பித்தது. அதுவரை நல்லது என்று புதுப்பெட்டி வாங்கிக் கார்டைச் செருகினார். இந்தக் கார்டு வேறு பெட்டிக்கு உரியது என்று சொல்லித் திரை நின்றுவிட்டது. கார்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்.

"கார்டு ஒங்களுதுதான் அண்ணாச்சி. உள்ள இருக்க மேப்பு கம்பெனியோட காப்பிரைட்," என்றாள் கடையில் இருந்த ஜெயபிரியா. "அது பழைய மெசின்ல மட்டுந்தான் தொறக்கும்."

"மேப்ப அவனே வச்சுக்கிடட்டும் தாயி. புள்ளி நான் வச்சது. அத மட்டும் எடுத்துக் குடு."

"ரெண்டும் ஒரே பூட்டுக்குள்ள கெடக்கு. பூட்ட ஒடைச்சா கேஸாயிரும், எங்க டீலர்ஷிப்பும் போயிரும்."

"நான் வாங்குன பொருளும்மா."

"நீங்க வாங்கல அண்ணாச்சி. பாக்கதுக்கு அனுமதி வாங்கிருக்கிய."

தினம் நாலு பேரிடம் சொல்கிற வார்த்தை போல, கோபமில்லாமல் சொன்னாள்.

மூன்று வாரம் இனிகோ குருட்டுக்கோழி மாதிரி கடலில் அலைந்தார். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பாரை எந்தக் குறி வைத்துத் தேடுவது? ஐஸ்பெட்டி காலியாகவே திரும்பியது. கிளாடிஸ் அதை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அதுதான் அவருக்கு வலித்தது.

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பெனியின் புது மேப்பை வாங்கினார். வீட்டில் உட்கார்ந்து திறந்தவர், முத்துக்குளித்த காலத்துப் பார்ப் பெயர்களுக்கு நடுவே ஒன்றைப் பார்த்தார்: 'மோட்டார் படுத்த பார்.' ஒரு மார்கழியில் மோட்டார் நின்றுபோய் வள்ளம் மிதந்துபோன இடத்தில், சும்மா தூண்டில் போட, விளமீனாக ஏறியது. அன்று அவரே அடித்து வைத்த பெயர். உலகத்தில் வேறு எவனும் ஒரு பாருக்கு அப்படிப் பெயர் வைத்திருக்க முடியாது. அடுத்தடுத்துத் தேடினார். அவர் புள்ளிகள் அத்தனையும் இருந்தன.

"மாதாவே, எல்லாம் திரும்பி வந்துருச்சே," என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

கிளாடிஸ் எட்டிப் பார்த்தாள். "இது ஒங்களுக்கு மட்டும் வார மேப்பா, வாங்குன எல்லாருக்கும் வாரதா?"

வாடிக்கையாளர் வைக்கும் புள்ளிகளைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம், விற்கலாம் என்று அந்த எட்டுப் பக்கத்தில் ஆறாவது பக்கம் சொல்லியிருந்தது.

விடியக் கிளம்பிப் போனார். மோட்டார் படுத்த பாரின்மேல் ஏற்கெனவே ஒன்பது வள்ளம் நின்றது. பழக்கதோஷத்தில் கை துண்டை எடுத்து, பிறகு திரும்பத் தோளிலேயே போட்டுக்கொண்டது.

"அத்தான், இங்கன வாங்க," என்று ரெக்ஸின் குரல் வந்தது. "விளமீனு விழுந்து விழுந்து கொத்துது. புது மேப்புல போட்டிருக்கான். எவன் மோட்டாரு படுத்துச்சோ, புண்ணியவான்."

"என் மோட்டாருதாம்ல," என்றார் இனிகோ.

ரெக்ஸ் கொத்திய மீனை இழுத்து வள்ளத்தில் போட்டான்.

"மணலுன்னு சொன்னியளே அத்தான்," என்றான்.

இனிகோ வள்ளத்தைத் திருப்பி, கடைசி வள்ளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நங்கூரம் போட்டார்.