ரிப்பன் வெட்டும் வரை

"உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மீன் அக்கா அவளிடம் கேட்ட கேள்வி அது. ஆய்வகத்தின் பின்னறைத் தொட்டியில் மூன்று நாளாக மீன்குடல் ஊறிக்கொண்டிருந்தது. முன்னால் வேலை கேட்டு வந்த இரண்டு பேரும் வாசலோடு திரும்பிப் போயிருந்தார்கள். இவளோ முழங்கை வரை கையை விட்டுக் குழாய் அடைப்பை எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்தது என்ன என்பதுபோல் நின்றாள். வாயைத் திறந்து பதில் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் யாராவது கேள்வி கேட்டால் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்பதாம் வகுப்போடு அந்தப் பெஞ்சும் போய்விட்டது. அதனால் மூக்கை ஒருதரம் தொட்டுக் காட்டினாள். மீன் அக்கா சிரித்துவிட்டாள். கழுவும் வேலை அன்றே கைக்கு வந்தது. 'பாட்டில் பொண்ணு' என்ற பெயரும் கூடவே வந்தது.

மீன் அக்கா ஆராய்ச்சி மாணவி. பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரு ஏரி. ஏரி மீன்களின் ஈரலில் பட்டாணி அளவுக்குக் கட்டிகள் வந்துகொண்டிருந்தன. ஏன் வருகின்றன என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. மாதம் ஆறு மீன், முப்பத்தாறு மாதம். அறுத்தெடுத்த ஈரலைச் சின்னப் பாட்டிலில் போட்டு, கல் மாதிரி உறைய வைத்துப் பாதுகாக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதித்தால்தான் விடை. நடுவில் ஒரு மாதத்துப் பாட்டில் கெட்டாலும் மூன்று வருடமும் தண்ணீரில் போன மாதிரி. பாட்டில்களுக்கு லேபிள் எழுதியது இவள்தான். "உன் எழுத்து முத்து முத்தா இருக்கு, என் எழுத்து கோழி கிளறின மாதிரி" என்று அக்கா முதல் மாதமே பேனாவை இவள் கையில் கொடுத்துவிட்டாள். இருநூற்றுப் பதினாறு பாட்டிலிலும் இவள் எழுத்து.

அதே ஏரியை ஒட்டி இன்னொரு பல்கலைக்கழகமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரே மதில். மதிலில் ஒரு கதவு, கதவில் இரண்டு பூட்டு. இந்தப் பக்கத்துப் பூட்டுக்குச் சாவி இங்கே, அந்தப் பக்கத்துப் பூட்டுக்குச் சாவி அங்கே. இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் வந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் தண்ணீர்க் குழாய் நுழையும் இடத்தில் மதில் இடிந்து, ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. அந்தப் பக்கத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தது அவளுடைய சித்தி. தினமும் ஒரு மணிக்கு அந்தச் சந்தில்தான் சித்தியும் இவளும் சாப்பாட்டு டப்பாவை மாற்றிக்கொள்வார்கள்.

இந்த நிலையில்தான் இரண்டு பல்கலைக்கழகங்களும் கூடி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவும் பணமும் வந்தன. இங்கே துறைத்தலைவருக்கு 'முன்னுரை' என்று பெயர். எந்தக் கூட்டத்திலும் அவர் பேச்சு முன்னுரையைத் தாண்டியதில்லை. அங்கே துறைத்தலைவருக்குச் 'சீப்பு'. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் எட்டிப் பார்க்கும். இருவரும் கட்டிப்பிடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒப்பந்தப்படி, இருவருக்கும் பொதுவாக ஒரு பெரிய ஃப்ரீசர். அது வந்த பிறகு அவரவர் தனியாக வாங்கக் கூடாது.

ஃப்ரீசர் வந்தது, அந்தப் பக்கத்துக் கட்டடத்தில் இறங்கியது. அதன் கதவில் ஒட்டும் பலகையில் எந்தப் பல்கலைக்கழகத்தின் சின்னம் மேலே, எது கீழே என்று ஆறு கூட்டம் போட்டார்கள். ஆறிலும் தேநீர் கொடுத்தது இவள்தான். முன்னுரை எச்சில் தொட்டுத் தொட்டு ஒப்பந்தத்தின் பக்கங்களைப் புரட்டினார். சீப்பு தன் முகவரி அட்டையின் முனையால் பல் குத்தினார். குத்திய அட்டையைத் துடைத்துவிட்டு, புதிதாக வந்த ஒருவருக்கு அதையே நீட்டினார். இவள் டம்ளர்களை எடுத்துப்போய் வெந்நீரில் இரண்டு தடவை கழுவினாள். மீன்குடல் ஊறிய தொட்டியை ஒரு தடவைதான் கழுவுவாள்.

கடைசியில் சின்னங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம் என்று முடிவானது. எது இடது, எது வலது என்பது ஏழாவது கூட்டத்துக்குப் போனது. இதற்கிடையில் ஃப்ரீசரைச் சும்மா வைத்தால் கெட்டுவிடும் என்று கம்பெனிக்காரர் ஓடவிட்டுப் போய்விட்டார். நான்கு மாதமாக அது காற்றைக் குளிரவைத்துக்கொண்டு நின்றது. கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பன், நடுவில் பூ மாதிரி முடிச்சு. சிறப்பு விருந்தினர் வந்து அதை வெட்டுவார். அவர் தேதி கொடுப்பார், மாற்றுவார், மறுபடி கொடுப்பார்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இந்தப் பக்கத்துப் பழைய ஃப்ரீசர் உயிரை விட்டது. மீன் அக்கா பாட்டில்களை ஐஸ் பெட்டிகளில் அடைத்துவிட்டு மதிலைச் சுற்றி ஓடினாள். சாலை வழியாக ஆறு கிலோமீட்டர். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என்ன சொன்னாங்க தெரியுமா? திறப்பு விழாவுக்கு முன்னாடியே திறந்துட்டா, அப்புறம் விழாவில எதைத் திறக்கறதுன்னு அந்தப் பக்கத்துத் தலைவர் கேக்கறார்."

"நம்ம சார்?" என்றாள் இவள்.

"அடுத்த கூட்டத்தில வெச்சுப் பேசலாமாம்."

ஐஸ் நாளை மதியம் வரைதான் தாங்கும். அக்கா தரையிலேயே உட்கார்ந்து, பெட்டிமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், அன்று ஒரு மணிக்குச் சந்தில் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கும்போது சித்தியிடம் விஷயத்தைச் சொன்னாள். ஒரு வாரத்தில் பேசுகிற பேச்சு முழுவதையும் ஒரே மூச்சில் பேசியிருப்பாள்.

சித்தி டப்பாவைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த ரூமைப் பெருக்கறது நான்தான். சாவி என் இடுப்பில. ஆனா ரிப்பன்ல கை வெச்சது தெரிஞ்சா, அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க கண்ணு. எனக்கு நிரந்தர வேலையா என்ன? காண்ட்ராக்ட். மூணு பொண்ணு இந்த வேலையிலதான் சாப்பிடுதுங்க."

மறுநாள் மீன் அக்காவே சந்துக்கு வந்தாள். சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாவது ஒண்ணுன்னா நான் முன்னாடி நிப்பேன். நான்தான் கேட்டேன், நான்தான் வெச்சேன்னு சொல்லிடுவேன். உங்க பேரே வெளிய வராது."

"சத்தியமா?"

"சத்தியமா."

சித்தி இவளைப் பார்த்தாள். அக்கா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று இவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்குத்தான் சித்தி சம்மதித்தாள்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான்கு பெட்டிகள் சந்தைத் தாண்டின. சித்தி ரிப்பனின் முடிச்சை மெதுவாக அவிழ்த்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். மூவரும் பாட்டில்களை மாத வரிசையில் அடுக்கினார்கள். கதவை மூடியதும் சித்தி ரிப்பனைக் குறுக்கே இழுத்து, இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, பழையதைவிட அழகாக ஒரு பூ போட்டாள்.

"எப்படி இவ்வளவு வேகமா?" என்றாள் அக்கா.

"மூணு பொண்ணுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பறவ. இதெல்லாம் ஒரு வித்தையா?"

மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களும் கூடிச் செய்த முதல் வேலை அது. அதற்கு ஒரு கூட்டமும் தேவைப்படவில்லை.

விழாவுக்கு முன்தினம் மறுபடி எடுத்துவிடலாம் என்பது ஏற்பாடு. ஆனால் இரண்டு முறை தள்ளிப்போட்ட விருந்தினர் மூன்றாம் முறை முன்கூட்டியே வந்து நின்றார். பாட்டில்களை வைத்த பன்னிரண்டாம் நாள் காலையில் செய்தி, பதினொரு மணிக்கு விழா. இரண்டு பூட்டுக்கும் சாவி அன்றுதான் சேர்ந்து வந்தது. மதில் கதவு திறந்தது. தேநீர்த் தட்டோடு இவளும் முன்னுரைக்குப் பின்னால் அந்தப் பக்கம் போனாள். அறை முழுவதும் தெளித்த வாசனைத் திரவியம் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. சித்தி சுவர் ஓரமாகத் துடைப்பத்தோடு நின்றாள். மீன் அக்கா கடைசி வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விருந்தினர் ரிப்பனை வெட்டினார். கதவைப் பிடித்து இழுத்தார். புகை மாதிரி குளிர் இறங்கி அவர் செருப்பை மூடியது. புகை விலகியதும், தட்டுத்தட்டாக இருநூற்றுப் பதினாறு பாட்டில்கள்.

முன்னுரை சீப்பைப் பார்த்தார். சீப்பு முன்னுரையைப் பார்த்தார். கண்ணிமைக்கும் நேரம்தான்.

"விழாவுக்காகக் காத்திருக்காம வேலையை ஆரம்பிச்சுட்டோங்க" என்றார் முன்னுரை.

"மூணு வருஷத்துக் கூட்டு உழைப்பு" என்றார் சீப்பு. ஃப்ரீசருக்கு வயது நான்கு மாதம். ஒரு பாட்டிலை எடுத்து விருந்தினரிடம் நீட்டினார். "லேபிளைப் பாருங்க. எங்க ஆளுங்க எவ்வளவு சுத்தமா எழுதியிருக்காங்கன்னு."

"இதைத்தான் எதிர்பார்த்தேன்" என்று விருந்தினர் கையைத் தட்டினார். அறையே தட்டியது. அக்காவை முன்னால் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்து மாணவன் ஒருவனையும் பக்கத்தில் நிறுத்தினார்கள். புகைப்படக்காரர் தயாராவதற்குள் அவன் அக்காவிடம் குனிந்து, "இது என்னங்க, கோழியா?" என்று கேட்டது தட்டேந்தி நின்ற இவள் காதில் தெளிவாக விழுந்தது. அக்கா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

விருந்தினர் வண்டி ஏறிய பிறகு சீப்பின் அறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே இரண்டு தலைவர்கள், அக்கா, சித்தி. தேநீர் கொடுக்க வந்தவளைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மேசைமேல் ஒரு தாள். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு யார் யார் பெயர் என்று முன்னுரை எழுதிக்கொண்டிருந்தார். முதலில் அவர், இரண்டாவது சீப்பு, மூன்றாவது கோழிப் பையன். நான்காவது இடத்துக்கு எண் மட்டும் போட்டிருந்தது.

"சாவி உங்கிட்டதானே இருந்தது?" என்றார் சீப்பு சித்தியிடம்.

"ஆமா சார். நான்தான் திறந்தேன். இந்தப் பொண்ணு கேட்டுச்சு, பாவமா இருந்துச்சு. காலியாத்தானே சார் கிடந்தது."

"காலியாக் கிடந்ததுன்னு வெளிய போய்ச் சொல்லுவ போலிருக்கே."

சித்திக்கு அது புரிந்ததோ இல்லையோ, இவளுக்குப் புரிந்தது. மூன்று வருடக் கூட்டு உழைப்புக்குப் பன்னிரண்டு நாள்தான் வயது என்று அந்தப் பக்கத்தில் தெரிந்த ஒரே ஆள் சித்தி.

முன்னுரை பேனா முனையை அந்த எண்ணின் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காவை ஏறிட்டார். "நீ கேட்டியாம்மா? அனுமதியில்லாம ஒரு கூலியாளைப் பிடிச்சு இந்த மாதிரியெல்லாம் நீ செய்ய மாட்டியே."

இவள் அக்காவைப் பார்த்தாள். சித்தியும் பார்த்தாள், கொஞ்சம் சிரித்த முகமாகவே. அக்கா பேனா முனையைப் பார்த்தாள்.

"இல்ல சார். அனுமதி வாங்கியாச்சுன்னு நினைச்சுப் பெட்டியைக் கொடுத்தேன். ரிப்பன் விஷயம் எனக்குத் தெரியாது."

முன்னுரை நான்காவது பெயரை எழுதினார். முனை தாளில் கீறும் சத்தம் கேட்டது.

"நான்தான் சித்தியைக் கேட்டேன்" என்றாள் இவள். "அக்காவும் இருந்தாங்க. மூணு பேரும்தான் அடுக்கினோம். லேபிள் என் எழுத்து."

அந்த அறையில் அவள் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்காலி கிறீச்சிட்டதுபோல் திரும்பிப் பார்த்தார்கள்.

"டம்ளரையெல்லாம் எடுத்துக்கிட்டு வெளிய போ" என்றார் முன்னுரை. அவர் தேநீரில் பிஸ்கட் விழுந்து ஊறி மிதந்தது. விரலை விட்டு அதை எடுத்து வாயில் போட்டு, அதே விரலைச் சப்பித் தொட்டுத் தாளைச் சீப்பின் பக்கம் நகர்த்தினார்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சித்தியிடம் சீப்பு சொன்னார். சித்தி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன் சார். இன்னைக்கு உங்க பெரியவர் வெட்டினாரே, அது நான் போட்ட முடிச்சு. நல்லா இருந்துச்சா?"

இவள் தட்டோடு தாழ்வாரத்துக்கு வந்து, கழுவுமிடத்தில் குனிந்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கினாள். மூன்று வருடமாக அழுகிய குடலையும் உப்பிய ஈரலையும் அளைந்தபோது வராத குமட்டல். சித்தி பின்னால் வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அட, உனக்கும் மூக்கு இருக்கா?" என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

மறுநாள் ஒரு மணிக்குச் சந்தில் யாரும் வரவில்லை. இவள் டப்பாவைத் திறக்காமல் திரும்பி வந்து கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு மீன் அக்கா பின்னறைக்கு வந்தாள். முந்தின நாளின் வாசனைத் திரவியம் இன்னும் துணியில் இருந்தது. கையில் ஒரு கட்டு லேபிள். அச்சடித்தது, வழவழப்பானது, இரண்டு சின்னங்கள் பக்கத்தில் பக்கத்தில். இடதும் வலதும் ஒரே நாளில் முடிவாகியிருந்தது.

"பழைய லேபிளை உரிச்சிட்டு இதை ஒட்டணும்" என்றாள். "உனக்கு ரெண்டு நாள் வேலை. நான் சொல்லி உன்னை இங்கேயே வெச்சுக்கச் சொல்லிட்டேன். உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

இவள் குழாயை மூடினாள்.

"என் நிலைமையை நீ புரிஞ்சுக்கணும். நாலாவது பேரா இருந்தாலும், பேரு வந்தாத்தான் பட்டம். மூணு வருஷம்." அக்கா லேபிள் கட்டை மேசைமேல் வைத்து, ஓரத்தை விரலால் நேராக்கினாள். மறுபடி நேராக்கினாள். "சித்தி எப்படி இருக்காங்க?"

இவள் கையுறைகளைக் கழற்றினாள். ஒவ்வொன்றாக உதறி, தொட்டி விளிம்பில் காயப் போட்டாள். லேபிள் எழுதும் பேனா சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து அந்தக் கட்டின் மேல் வைத்தாள். மேலங்கியை ஆணியில் மாட்டினாள், காலியாகாத சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள். அக்கா வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். இவள் அவளைத் தாண்டி வெளியே நடந்தாள்.