சுக்கா ஆறுகிற தூரம்

அமீருன்னிசா தூரத்தை அளப்பது கிலோமீட்டரில் இல்லை, அடுப்பிலிருந்து இறக்கிய கறிச் சுக்காவில். அது ஆறுவதற்குள் போய்ச் சேருகிற ஊருக்குத்தான் பெண் கொடுப்பாள். மூத்தவள் ஜஸீலாவைக் கொட்டாம்பட்டியில் கொடுத்தது அப்படித்தான். மதுரைக் கோரிப்பாளையத்தில் பஸ் ஏறினால், ஆவி அடங்குமுன் மருமகன் தட்டில் கறி விழுந்துவிடும்.

இளையவள் ஷாஹீதாவுக்கு வந்ததோ துபாய் மாப்பிள்ளை முகமது ஆசிப். பெண்ணுக்கு அவனை ரொம்பவே பிடித்துப்போயிற்று. அம்மாதான் மசியவில்லை. மதுரையில் பகல் பன்னிரண்டுக்கு விமானம் ஏறினால் அங்கே இரண்டரைக்கு இறங்கிவிடலாம் என்று புருஷன் பீர் முகமது ஆசை காட்டிப் பார்த்தார்.

"கடியாரத்தைப் பின்னால தள்ளி வச்சா கறி சூடாயிருமா?" என்று கேட்டாள் அவள்.

அசடு வழிந்தவர், துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவது, பறப்பதென்னவோ நாலு மணி நேரம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் பாத்திரக் கடைக்காரர். ஆறு மணி நேரம் சூடு நிற்கும் என்று தினமும் சத்தியம் பண்ணி விற்கிற ஹாட் பாக்ஸில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகும்போதே சோதித்துவிடலாம் என்று பேச்சு முடிந்தது. ஆறிப்போனால் சம்பந்தம் இல்லை. கிளம்புகிற அன்று ஷாஹீதா அந்த டப்பாவைப் பச்சைப்பிள்ளையைப் போலத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள்.

பறக்கிற நேரத்தை எண்ணிய மனிதர் மற்றதை மறந்துவிட்டார். மூன்று மணி நேரம் முன்னாலேயே விமான நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. சோதனையில் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். சீக்கிரம் மூடச் சொல்லி அமீருன்னிசா கெஞ்சாத குறை. கடலுக்கு மேலே டப்பாவை மடியில் அணைத்தபடி, கொடுத்த சாப்பாட்டையும் வேண்டாமென்று உட்கார்ந்திருந்தாள். இறங்கினால் இமிகிரேஷன் வரிசை. வெளியே வந்தால் டிராஃபிக். நம்ம ஊர்க் காளவாசல் சிக்னலே தேவலாம் என்று பீர் முகமது முனகினார்.

ஆசிப் வீட்டில் மூடியைத் திறந்தாள். கொழுப்பு உறைந்து வெள்ளையாக நின்றது. ஜெயித்தது அமீருன்னிசாதான், ஆனால் கண்ணில் வந்தது மகளின் முகம்.

ஆசிப் டப்பாவை எடுத்துப் போய் அடுப்பைப் பற்றவைத்தான்.

"சுட வச்சா கணக்குல வராது மாப்ள," என்றார் பீர் முகமது வருத்தத்தோடு.

"கணக்குக்கு இல்ல மாமா. மாமி காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடலைன்னு கார்ல சொன்னீங்களே."

தட்டை அவளுக்குத்தான் முதலில் கொண்டுவந்து வைத்தான். கொட்டாம்பட்டி மருமகன் இத்தனை வருஷமும் சூடாகத்தான் சாப்பிடுகிறார். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் ஷாஹீதா போனில் வந்துவிட்டாள். சுக்கா சூடாக இருந்ததா என்று பயந்து பயந்து கேட்டாள்.

"சுடச்சுடச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்," என்றாள் அமீருன்னிசா. "நிக்காஹ்வுக்குத் தேதி பாத்துருவோம்."