கமலவேணியின் வலது கண்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குத் தட்டாஞ்சாவடி செருப்புக் கம்பெனியில் கமலவேணியின் வலது கண் ஓட்டையாகி, அவள் இதுவரை பார்த்ததெல்லாம் சொட்டுச் சொட்டாக வெளியே வர ஆரம்பித்தது. இடது கண் சின்ன வயசிலேயே அம்மையில் போய்விட்டது. இருந்த ஒன்றிலும் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. கசக்காதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். செருப்புக்கு அடியில் கம் தடவுகிறவள், அந்த நெடிக்குக் கண் அரித்தால் கசக்காமல் என்ன செய்வாள். முதல் சொட்டில் அன்றைய கம் டப்பா இருந்தது, இரண்டாவதில் முந்தின நாள் பஸ். புதுசு முதலில், பழசு பின்னால் என்று ஒழுங்காகத்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் புருஷன் காசிலிங்கம் டம்ளரை அவள் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"எந்த வருஷம் போவுது, பாருய்யா."

"ஊரடங்கு. பீச்சுல ஒரு நாய்கூட இல்ல."

அவள் விரல் மடக்கி எண்ணினாள். ஒரே பையன் நெடுமாறன், தானே புயலுக்கு அடுத்த வருஷம் நாலு வயசில் காய்ச்சலில் போனவன். அவன் படம் இருந்த போன் பிறகு வந்த வெள்ளத்தில் ஊறிப்போனது. அவளுக்கு அவன் முகம் மிச்சமிருந்தது அந்தக் கண்ணில் மட்டும்.

"வெள்ளம் வந்துடுச்சிடீ," என்று காசிலிங்கம் டம்ளரைப் பார்த்துக் கத்தும்போது அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கூட்டிப்போனார்கள்.

ஓட்டையைக் கம் வைத்து அடைத்து மேலே லென்ஸ் போடுவோம், தானம் கிடைத்ததும் கருவிழியை மாற்றுவோம் என்றார் டாக்டர் அன்புசெல்வி. கம் என்றதும் கமலவேணிக்குத் தெம்பு வந்தது. பதினாறு வருஷம் பழகின வேலை. டாக்டர் பஞ்சால் ஒருமுறை ஒற்றிவிட்டு வைக்கப் போனார்.

"இன்னும் ஈரம் இருக்குது மேடம். ஈரத்துல வச்சா வாய் பொளந்துக்கும். டஜன் கணக்குல செருப்பு திரும்பி வந்திருக்குது எங்களுக்கு. நல்லாத் தொடைங்க."

"நீயே வச்சிக்கிறியாம்மா?" என்று சிரித்தார் டாக்டர். ஆனால் அவள் சொன்னது நியாயம் என்று பட்டதால் இன்னொருமுறை அழுத்தி ஒற்றினார்.

அந்த ஒற்றலில் பையன் இருந்த நாலு வருஷமும் மொத்தமாகப் போனது. செருப்பைக் கால் மாற்றிப் போட்ட ஒரு பையன் பஞ்சுக்குள் இறங்கியதை நர்ஸ் கலைமகள் பார்த்தாள். முறைப்படி அதை மஞ்சள் பையில் போட்டாள். பை மறுநாள் எரிக்கப் போனது. கம் நன்றாகப் பிடித்தது, அப்புறம் ஒரு சொட்டும் கசியவில்லை.

பங்குனியில் தானமாக வந்த கருவிழியை வைத்துத் தைத்தார்கள். பார்வை பரவாயில்லை. கண்ணை மூடினால் கல்யாணம் வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது, பையன் இல்லை. காசிலிங்கத்தைக் கேட்டால் வாயைத் திறப்பதற்குள் அழுதுவிடுகிறான். அதனால் ஒவ்வொரு செக்கப்புக்கும் கலைமகளைத்தான் கேட்பாள்.

"கருப்பா, செவப்பா?"

"மாநிறம்க்கா. மூக்கு உங்கள மாதிரியே."

"அப்படியா," என்பாள். ரெட்டியார்பாளையம் பஸ் போய்விடும் என்று கிளம்பிவிடுவாள்.