மணலுக்குள் இரண்டு தண்ணீர்

வினாயகமூர்த்தி உன்னிச்சைக்காரன். குளத்து மதகைத் திறந்தால் வயல் வட்டை முழுக்கத் தண்ணீர் பாயும் ஊரில் வளர்ந்தவன். தண்ணீரை நினைத்து ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. கலியாணம் முடிந்ததும், எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண் வீட்டுக்குக் குடிவந்தான். நாவற்குடாவில் மங்கையற்கரசிக்குச் சீதனமாகக் கிடைத்த வளவு அது. நாலு தென்னை, ஒரு சின்ன வீடு, மற்றதெல்லாம் வெறும் மணல்.

சண்டைக்காலம். கூப்பன் அரிசி ஒரு நேரத்துக்கே காணாது. மங்கையற்கரசியோ வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அது பிறப்பதற்குள் வளவில் ஏதாவது காய்த்தாக வேண்டும். சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் இருவரும் விதை முடிச்சுகளை அவிழ்த்துப் பரப்பினார்கள். அவனுக்கு எல்லாமே வேண்டும். கத்தரி, மிளகாய், வெண்டி, பூசணி, வெள்ளரி, புடோல் என்று அடுக்கிக்கொண்டே போனான். சந்தையையே நட்டுவிடப் போகிறீர்களோ என்று அவள் சிரித்தாள். அவள் கேட்டது பயற்றங்காய் ஒன்றுதான். மசக்கை தொடங்கியதிலிருந்து அதன்மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை.

இவ்வளவுக்கும் தண்ணீர்? வளவின் மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பூவல் இருந்தது. மணலைப் பறித்து ஊற்றெடுக்கும் குழியைத்தான் எங்கள் ஆட்கள் பூவல் என்பார்கள். குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்னிச்சைக்காரனுக்குச் சிரிப்பு வரும். ஒரு காலை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மண்வெட்டியை எடுத்தான். இடுப்பளவு வெட்டினான், பிறகு நெஞ்சளவு. தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு கை அள்ளி வாயில் விட்டான். உப்புக் கரித்தது.

தோட்டம் போனால் போகட்டும், பிள்ளைத்தாச்சி குடிக்கிற தண்ணீரையல்லவா கெடுத்துவிட்டான்! அவள் திரும்பி வந்தபோதும் குழிக்குள்ளேயே நின்றான். ஏறி வர முகமில்லை. அவள் ஏசவில்லை; ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். குழியைத் தூர்க்கச் சொன்னாள். பிறகு நன்றாகத் தள்ளி, வளவின் மறுமூலையில் அவனை இருத்தி, கையாலேயே மணலைப் பறிக்கச் சொன்னாள். ஊற்றுக் கசிந்து குழியில் ஒரு சிரட்டைத் தண்ணீர் சேர்ந்ததும் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"காணும். இதுக்குக் கீழ போகப்படாது."

தெளியவிட்டுக் குடித்தான். இனித்தது. அவன் நம்பவில்லை. ஓடிப்போய்த் தூர்த்த குழியின் ஓரத்தில் தேங்கிக் கிடந்ததைத் தொட்டு நக்கினான்; கரித்தது. திரும்பி வந்து குடித்தான், இனித்தது. பித்துப் பிடித்தவன் மாதிரி அங்கும் இங்கும் ஓடினான்.

"மாரியில பெஞ்ச மழை மச்சான். உப்புத் தண்ணிக்கு மேல பாலேடு மாதிரிக் கிடக்கு. பையப் பைய அள்ளினா அடுத்த மாரி வரைக்கும் காணும்," என்றாள்.

ஒரு பக்கம் உப்பு வாவி, மறுபக்கம் கடல், காலுக்குக் கீழே உப்பு. நடுவில் ஓர் அணை கிடையாது, காவல் கிடையாது. எப்போதோ பெய்த மழை அந்த உப்பின்மேல் நோகாமல் படுத்துக் கிடக்கிறது. இத்தனை நாளும் அதன்மேல்தானே நடந்தான், அதன்மேல்தானே குறட்டை விட்டான்! அத்தனை பெரிய குளத்தைப் பார்த்து வளர்ந்தும் வராத மலைப்பு, சிரட்டைத் தண்ணீரைப் பார்த்து வந்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது. வெட்கப்படாமல் கும்பிட்டான்.

அன்று பின்னேரம் விதைகளை மறுபடியும் பரப்பினார்கள். பூசணியையும் வெள்ளரியையும் அவனே திரும்ப முடிந்து வைத்தான். வெண்டியும் புடோலும் போயின. கத்தரியும் மிளகாயும் மிஞ்சின. பயற்றை விதையைக் கையில் எடுத்தவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதுவும் வேணாம் புள்ள. நீ குடிக்கிறதில நான் கை வைக்கமாட்டன்."

"நான் முகம் கழுவுற தண்ணிய அதுக்கு ஊத்துறன்," என்றாள் மங்கையற்கரசி. "நீங்க போடுங்க."

அவன் சுண்டுவிரலால் மணலில் குழி போட்டான். ஒரு கணுவுக்கு மேல் இறங்க அந்த விரலுக்குத் துணிவு வரவில்லை.