எட்டாவது போட்டோ

படபடவென்று பத்தாயிரம் வாலா வெடித்ததில் தெருவே எழுந்து உட்கார்ந்தது. காலை மணி ஏழரை. பல் துலக்கிக்கொண்டிருந்த பால்பாண்டி, வாயில் நுரையோடு வாசலுக்கு ஓடிவந்தார்.

புகை விலகியது. வீட்டு முன்னால் ஒரு வெள்ளை வேன். அதன் பக்கவாட்டில் அவருடைய மகள் அனுசியாவின் முகம் ஆறடி உயரத்தில், ரோஜாப்பூ வளையத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில்: ‘எங்கள் குடும்பத்தில் இணைய வரும் செல்வி பா. அனுசியாவை வருக வருக என வரவேற்கிறோம்!’

வேனிலிருந்து தாம்பாளத்தோடு இரண்டு பேர் இறங்கினார்கள். ஒன்றில் ஆப்பிள். இன்னொன்றில் சால்வை.

எதிர்வீட்டுக்காரி மாடியிலிருந்து கத்தினாள். “ஏட்டி செல்லத்தாயி! பிள்ளைக்கு நிச்சயம்னு ஒரு வார்த்தை சொல்லலையே!”

“எனக்கே இப்பத்தான்க்கா தெரியுது!” என்றாள் அனுசியாவின் அம்மா செல்லத்தாய், தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி.

டை கட்டிய ஒரு தாடிக்காரப் பையன் முன்னால் வந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும்.

“வாழ்த்துகள் சார்! நான் இம்மானுவேல். வானவில் பல்கலைக்கழகத்துல இருந்து வர்றோம். உங்க பொண்ணு ஆன்லைன்ல எழுதின டெஸ்ட்ல பாஸ் பண்ணியிருக்காங்க. ஏ.ஐ. படிப்புல சீட்! ஃபீஸ்ல இருபத்தஞ்சு பர்சென்ட் தள்ளுபடி!”

பால்பாண்டி நுரையை அவசரமாகத் துப்பிவிட்டுச் சால்வைக்குக் கழுத்தை நீட்டினார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். வாழ்நாளில் அவர் வாங்கிய முதல் சால்வை.

உள்ளே உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். “டியூட்டில சாப்பிடக் கூடாது ஆன்ட்டி” என்று மறுத்துவிட்டான் இம்மானுவேல். கண் மட்டும் ஒரு தடவை தோசைக்கல்லுக்குப் போய்த் திரும்பியது.

தள்ளுபடி போக, ஹாஸ்டலோடு சேர்த்து நான்கு வருஷத்துக்குப் பதினான்கு லட்சம். இப்போதைக்கு ஐம்பதாயிரம் கட்டினால் போதும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கட்ட வேண்டும். அன்றைக்கு வியாழக்கிழமை. கவுன்சலிங்கோ அடுத்த வாரம்தான்.

“கவுன்சலிங் வரைக்கும் பொறுக்க முடியாதா தம்பி?”

“சீட்டு நிக்காது சார்” என்றவன், பளபளவென்று ஒரு புத்தகத்தை நீட்டினான். “இதுல தங்கக் கலர்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கு பாருங்க. பணம் கட்டும்போது இதைக் கொண்டாரணும். ஸ்டிக்கர் கிழிஞ்சா தள்ளுபடி செல்லாது.”

வேன் போனது. பால்பாண்டி பீரோவைத் திறந்து வத்திராயிருப்புத் தோப்புப் பத்திரத்தை எடுத்தார். முப்பத்தெட்டுத் தென்னை. ஞாயிறு தவறாமல் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அனுசியா ஸ்கூட்டர் ஓட்டப் பழகியதும் அங்கேதான். மோதி விழுந்ததும் அங்கேதான். பதினோராவது மரத்தில் அந்த வடு இன்னும் இருக்கிறது.

“தோப்பு என்னம்மா தோப்பு? நீ படிச்சு முடிச்சு இதைப் போல நாலு வாங்கிப் போடுவ” என்றார். சொல்லிவிட்டுப் பத்திரத்தைத் துடைக்கவே தேவையில்லாத இடத்தில் இரண்டு தடவை துடைத்தார்.

அனுசியாவுக்கு அந்தப் படிப்பின்மேல் கொள்ளை ஆசை. அப்பா துடைத்ததையும் பார்த்தாள். மாடிக்குப் போய் ராஜபாளையத்துக்கு போன் போட்டாள்.

ஒன்பதரைக்கெல்லாம் காளீஸ்வரி வந்து இறங்கிவிட்டாள். பால்பாண்டியின் அக்கா, ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. ஆனால் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது வேறு வேலை. சொந்தத்தில் யாருக்குச் சம்பந்தம் வந்தாலும், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க முதலில் அவளைத்தான் அனுப்புவார்கள். இதுவரை முப்பத்தொரு விசாரணை. அதில் பதினொரு கல்யாணம் நின்றுபோனது. அந்தப் பதினொரு பெண்களும் தீபாவளிக்கு அவளுக்குப் பலகாரம் அனுப்புகிறார்கள்.

“ஏலே பாண்டி, காலையில வெடிச்சத்தம் ராஜபாளையம் வரைக்கும் கேட்டுச்சாம்ல?”

“கிண்டல் பண்ணாதக்கா. எம்புட்டு மரியாதையா வந்தாக தெரியுமா? தாம்பாளம், ஆப்பிளு, சால்வை...”

“பொண்ணு கேட்டு வந்தவுக தாம்பாளத்தோடதான் வருவாக. நாம விசாரிக்க வேண்டாமா?” அவள் புத்தகத்தைப் புரட்டினாள். நீச்சல் குளம், நூலகம், குதிரைமேல் ஒரு மாணவி. “படிக்க எதுக்குலே குதிரை?”

“அது ரைடிங் கிளப் அத்தை” என்றாள் அனுசியா.

“அதுக்கு வைக்கோல் யாரு காசு? ஒங்க அப்பன் காசு.”

பால்பாண்டி சால்வையைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்தார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் காளீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ‘உங்கள் மாவட்டத்து வைரங்கள்’ என்று எட்டுப் போட்டோ. ஒவ்வொன்றின் கீழேயும் பேர், ஊர், படிப்பு, வேலை, வருஷச் சம்பளம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூருமாகத்தான் எட்டுப் பேரும். எட்டாவது போட்டோமேல் மட்டும் அந்தத் தங்க ஸ்டிக்கர் உட்கார்ந்திருந்தது. பேரையும், முகத்தில் முக்காலையும் அது மறைத்துவிட்டது. மேலே கொஞ்சம் சுருட்டை முடியும் கீழே ஒரு நீல டையும்தான் தெரிந்தன. அதற்கும் கீழே: ‘ஏ.ஐ. படிப்பு, முதல் பேட்ச். ராஜபாளையம். முன்னணி நிறுவனத்தில் எக்ஸிக்யூட்டிவ். ஆண்டுக்கு ஆறு லட்சம்.’

“நம்ம பிள்ளை சேரப்போற அதே படிப்புக்கா!” பால்பாண்டி துள்ளினார். “ஆறு லட்சம்!”

“சரி. எட்டுப் பேரையும் பாத்துருவோம். எந்திரிட்டி, வண்டிய எடு.”

காளீஸ்வரிக்கு ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீட்டுக்கு நேரே போகமாட்டாள். தெருமுனை டீக்கடை, இஸ்திரி வண்டி, பிறகு பக்கத்து வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர். அதற்கப்புறம்தான் கதவைத் தட்டுவாள். எல்லாம் கேட்டு முடித்துக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்பாள். “ஒங்க வீட்டுப் பிள்ளைன்னா அங்க குடுப்பீகளா?” அதற்கு வருகிற பதில்தான் அவளுக்குக் கணக்கு.

ராஜபாளையம் முடங்கியார் ரோட்டில் முதல் போட்டோ. கௌதம்ராஜ், பெங்களூரு, பன்னிரண்டு லட்சம். இஸ்திரிக்காரர் சொன்னதும் அவன் அம்மா சொன்னதும் ஒன்றாகவே இருந்தன.

“பொய்யே இல்லம்மா. கார் வாங்கிட்டான். ஆனா அவன் எங்க இருந்தாலும் கம்ப்யூட்டர விட்டு எந்திரிக்க மாட்டான். பஸ் ஸ்டாண்டுல உக்கார வச்சிருந்தாலும் படிச்சிருப்பான்.”

“ஒங்க சின்னவனையும் அங்கதான் அனுப்புவீகளா?”

“அய்யோ! அவன் காலையில எந்திரிக்கவே பத்து மணி ஆவுது. அவனுக்குப் போயி அம்புட்டுப் பணமா?”

இரண்டாவது போட்டோ ‘மேனேஜர், எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம்’. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மச்சானுடைய செல்போன் கடையில் உட்கார்ந்திருந்தார் மேனேஜர். ரொம்பத் தங்கமான பையன். காளீஸ்வரியின் போனுக்கு ஸ்க்ரீன் கார்டு ஒட்டிக்கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டான். “காலேஜ் சூப்பர்க்கா. நாலு வருஷம் ஜாலியா இருந்துச்சு” என்றான். அதற்கு மேல் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை.

மூன்றாவது ஆள் பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். நான்காவது சென்னையில், அறையில் ஆறு பேரோடு. ஐந்தாவது கல்யாணமாகித் தூத்துக்குடியில் சந்தோஷமாக இருந்தாள். ஆறாவதுக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை. அவனுடைய அப்பா விசாரிக்க வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தே அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏழாவது வீடு. ஹஃப்ஸா, மதுரையில் சாஃப்ட்வேர் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாள் அது. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அனுசியாவிடம்தான் பேசினாள்.

“காலேஜ குறை சொல்ல மாட்டேன் தங்கச்சி. சாருங்க நல்லா நடத்துனாங்க. லேப் பிரமாதம். ஆனா ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு இருக்கா. கவுன்சலிங்ல கவர்மெண்டு காலேஜ் எடுத்துப் படிச்சவ. ரெண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம். மாசம் ஒண்ணாம் தேதி அவ புதுச் சுடிதார் எடுக்கா. நான் லோன் கட்டுறேன்.” சிரித்துவிட்டாள். “இன்னும் ஏழு வருஷத்துக்கு அவ சுடிதாரத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்.”

வீட்டுக்கு வந்ததும் அனுசியா கவுன்சலிங் கல்லூரிப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். கட் ஆஃப் நூற்று எழுபத்து நான்கு. இரவுச் சாப்பாட்டுக்குள் முப்பத்திரண்டு கல்லூரி எழுதியாயிற்று.

எட்டாவது ஆள்தான் அகப்படவில்லை. சனிக்கிழமை காலையில் காளீஸ்வரி ராஜபாளையத்தைச் சலித்து எடுத்தாள். சுருட்டை முடி, நீல டை என்று சொன்னால் யாருக்கு என்ன தெரியும்? ஸ்டிக்கரைப் பிய்க்கலாமென்றால் பால்பாண்டி புத்தகத்தைக் கையில் கொடுக்கவே இல்லை. அவள் போனில் எடுத்த படத்தோடுதான் அலைந்தாள்.

“முப்பத்தொரு விசாரணையில ஒரு ஆளக்கூட நான் விட்டதில்ல. இவன் மட்டும் எங்க போயி ஒளிஞ்சான்?”

சாயங்காலம் நான்கு மணிக்கு வீட்டில் கூட்டம் கூடியது. செல்லத்தாய் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். கட்டினாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி, பிள்ளை மேலே படிக்கப்போகிறாள். கேசரி உண்டு என்பது அவள் முடிவு.

“ஏழு பேரும் வேற வேற படிப்புக்கா” என்றார் பால்பாண்டி. ஒரு கையில் தோப்புப் பத்திரம், இன்னொரு கையில் புத்தகம். “நம்ம பிள்ளை படிக்கப்போறது எட்டாவது பையன் படிச்சது. அவன் நிசமாவே ஆறு லட்சம் வாங்கி நல்லா இருந்தா, தோப்பக் குடுத்துட்டுக் கட்டிருதேன். இல்லன்னா கவுன்சலிங் வரட்டும். பிள்ளை, நீ என்ன சொல்லுத?”

“நானும் அதேதான்ப்பா. எட்டாவது ஆளு நல்லா இருந்தா போறேன்.”

அந்த நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது. இம்மானுவேல் இறங்கினான். இன்றைக்கு வெடி இல்லை, தாம்பாளம் இல்லை. சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. காலையிலிருந்து சுந்தரபாண்டியம், புதுப்பட்டி என்று ஒன்பது வீடு ஏறி இறங்கியிருக்கிறான்.

“சார், அஞ்சு மணிக்குள்ள...”

“மொதல்ல உக்காரு” என்றாள் காளீஸ்வரி. “சாப்பிட்டியா?”

“டியூட்டில சாப்பிடக் கூடாது ஆன்ட்டி.”

“ஆன்ட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அத்தைன்னு கூப்பிடு. செல்லத்தாயி, தட்டு கொண்டா!”

நெய் மணக்கக் கேசரி வந்தது. ஒரு வாய் தின்றதும் டியூட்டியெல்லாம் மறந்துபோனது. டையை எடுத்துத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். முதல் தட்டு காலி. கேட்காமலே இரண்டாவது வந்தது. பேச்சும் பல்கலைக்கழகத்தை விட்டுச் சொந்த ஊருக்கு இறங்கியது.

“எங்க வீட்டுல கிஸ்மிஸ் இம்புட்டுப் போட மாட்டாக.”

“ஒனக்கு எந்த ஊருலே?”

“ராஜபாளையந்தான்.”

“அப்படிச் சொல்லு! அப்ப எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு.” காளீஸ்வரி தம்பியின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். “ஏழு பேரையும் பாத்துட்டேன். இந்த எட்டாவது பையன் எந்தத் தெரு?”

இம்மானுவேலின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். பால்பாண்டி பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன்... நல்லாத்தான் இருக்கான் அத்தை.”

“எங்க இருக்கான்?”

“வேலை விஷயமா ஊரு ஊராப் போயிக்கிட்டு இருக்கான்.”

“ஆறு லட்சம் உண்டா?”

“ஆள் சேத்தா உண்டு. சேக்காட்டி... மாசம் பதினாலாயிரம்.”

அனுசியா வாயைப் பொத்திக்கொண்டாள். காளீஸ்வரிக்கு இன்னும் திருப்தி இல்லை. ஆளைக் கண்ணால் பார்க்காமல் அவள் எந்த விசாரணையையும் முடித்ததில்லை.

“நீ சுத்தி வளைக்காத. செத்த நேரம் இரு. இட்லிச் சட்டி ஆவியில காட்டுனா இந்த ஸ்டிக்கர் தன்னால உரிஞ்சு வந்துரும். தள்ளுபடி போனாப் போகட்டும்.” புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

இம்மானுவேல் தட்டோடு எழுந்து குறுக்கே வந்து நின்றான். தாடிக்குள் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. மூன்று நாளில் அந்த வீடு பார்த்த அவனுடைய முதல் சிரிப்பு.

“உரிக்க வேண்டாம் அத்தை, உள்ள இருக்கது நான்தான். நாலாயிரம் புத்தகத்துலயும் என் மூஞ்சி மேல நானேதான் ஒட்டுனேன்... கேசரி இன்னுங் கொஞ்சம் இருக்கா?”