சேரைக் கூப்பிடலாமா

மண்ணெண்ணெய் தோய்த்த பஞ்சால் அப்பாவின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த நீலச் சாயத்தை அஜந்தா உரசி எடுத்துக்கொண்டிருந்தாள். குளிப்பாட்ட வேண்டிய ஆண்கள் முற்றத்தில் காத்து நின்றார்கள்.

"விடு மகள், அது கிடக்கட்டும். நேரம் போகுது" என்றார் குஞ்சித்தம்பி மாமா.

"ஒண்ணா மாமா, விட மாட்டன். இது அங்கத்தச் சாயம்."

'அங்க' என்றால் வாகரைக்கும் அப்பால், கரையோர வேடர்களின் ஊர். சித்திர ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா அழகரத்தினம், சனிக்கிழமைதோறும் தன்னாமுனையிலிருந்து சாயப் போத்தல்களையும் கடதாசிகளையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறி, அங்குள்ள பிள்ளைகளுக்குப் படம் கீறப் பழக்கிவந்தார். மரத்தடிதான் வகுப்பு; அங்கே எல்லோருக்கும் அவர் 'சேர்'. நேற்று முன்தினமும் போய்வந்தார். நேற்றுக் காலை தேத்தண்ணி கேட்டார். அவள் கொண்டுவருவதற்குள் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார்.

சுனாமிக்குப் பிறகுதான் இந்தப் போக்கு. கல்லடியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த அம்மாவைக் கடல் கொண்டுபோனது. மிச்சமிருந்த அப்பாவை அந்தப் பிள்ளைகள் கொண்டுபோனார்கள். அஜந்தா அப்படித்தான் நினைத்தாள். சண்டை மூண்டு வாகரைப் பாதை மூடப்பட்டபோது எல்லோரும் அந்தச் சனங்களுக்காக உச்சுக்கொட்டினார்கள். அவளும் கொட்டினாள். ஆனால் சனிக்கிழமைகளில் அப்பா வீட்டில் இருந்தார், அது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. சண்டை ஓய்ந்து பாதை திறந்ததுதான் தாமதம், அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சின்ன வயதில் அவள் கீறிய ஆட்டைப் பார்த்து, "கால் பிழை. உனக்குக் கணக்குத்தான் வரும்" என்று பென்சிலை வாங்கி வைத்த மனிதர். இராச் சாப்பாட்டில் உட்கார்ந்தால் மட்டும், "விதுசா இண்டைக்கு ஒரு ஆமை கீறினாள், நீ பார்க்கோணுமே" என்பார். அந்த ஊரிலிருந்து முதல் ஆளாக அந்தப் பிள்ளையை உயர்தர வகுப்பில் சித்திரம் படிக்க வைப்பதென்று கங்கணம் கட்டியிருந்தார். ஆமையின் கால் சரியா என்று அஜந்தா கேட்டால், "அவள் கீறின ஆமைக்குக் காலே தேவையில்ல" என்று சிரிப்பார்.

வெயில் ஏறும் நேரத்தில் வாசல் படலையில் ஒரு லொறி வந்து நின்றது. அங்கத்துச் சனம். முன்னால் இறங்கிய பெண் பத்தினிப்பிள்ளை; அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி மகள் விதுசா. இவளா அவள்? ஊசி குத்திய செருப்பு, எண்ணெய் வழியும் தலை. வந்ததும் வராததுமாக "சேர்!" என்று கத்திக்கொண்டு பெட்டியின் காலடியில் விழுந்தாள். நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வராத அஜந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுவதிலும் அவள்தான் கெட்டிக்காரி.

பத்தினிப்பிள்ளை அஜந்தாவை ஒதுக்கமாகக் கூப்பிட்டாள்.

"மகள், கோவிக்கப்படா. எங்கட சடங்கில செத்துப்போன மூத்தாக்களைக் கூப்பிடுற நாங்க. அவங்க ஒராள் மேல வந்து கதைப்பாங்க. சேரையும் கூப்பிட எங்களுக்கு ஆசை. உரித்துக்காரி நீங்க. நீங்க ஓமெண்டாத்தான் கூப்பிடலாம்."

உயிரோடு இருந்தவரைக் கொண்டுபோக யாரும் அவளிடம் கேட்கவில்லை. செத்த பிறகு அனுமதி கேட்கிறார்கள். முதன்முறையாக அப்பா முழுசாக அவள் கைக்குள் இருந்தார்.

"ஒண்ணா. உசிரோட இருக்கக்குள்ள நீங்கதான் வச்சிருந்தீங்க. இனியாவது அவர் என்ட அப்பாவா மட்டும் இருக்கட்டும்."

பத்தினிப்பிள்ளை தலையாட்டினாள். பின்னால் நின்ற விதுசாவின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க அஜந்தாவுக்கு ஆறுதலாக இருந்தது.

ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுடலைக்குப் போனதும் அயல் பெண்கள் குளிக்கக் கலைந்தார்கள். போகாமல் நின்றது தாயும் மகளும்தான். யாரும் சொல்லாமலே விளக்குமாற்றை எடுத்து வீடு கழுவத் தொடங்கினார்கள். அஜந்தா கிணற்றிலிருந்து அள்ளி வந்து ஊற்றினாள். கதிரை நின்ற இடத்துக்கு வந்தபோது, இனி இந்த வீட்டில் யாரும் தேத்தண்ணி கேட்கப் போவதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. வாளியை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். அவர்கள் இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

அழுது ஓய்ந்தவள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்.

"கூப்பிட்டா... அவர் முதல்ல ஆரோட கதைப்பார்?"

"முன்னுக்கு இரிக்கிறவங்களோட" என்றாள் பத்தினிப்பிள்ளை.

"என்னைத் தெரியுமா, அந்த நேரத்தில?"

"பெத்த புள்ளையைத் தெரியாமப் போகுமா மகள்?"

விதுசா கூட்டுவதை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "உங்களுக்கு முன்னுக்கு ஒரு பாய் போட்டு வைக்கிறன் அக்கா."

அஜந்தா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ எனக்குப் பின்னால இரி."

"ஓம் அக்கா."

அஜந்தா வாளியைச் சரித்தாள். விதுசா தண்ணீரை வாசற்படிப் பக்கம் கூட்டித் தள்ளினாள்.